தேத்தண்ணீரில் ஊறிய பழப் பாண்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் இராமேசுவரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்திருக்கிறேன். வீட்டில் ரொட்டியும் கேக்கும் சுட்டு, கேட்பவர்களுக்குக் கொடுத்துவருகிறேன். இன்று ஒரே ஒரு ரொட்டியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தேத்தண்ணீரில், அதாவது தேநீரில், ஊறிய உலர்பழமும் கொட்டைப் பருப்பும் ஆரஞ்சுத் தோலும் மசாலா வாசனையும் சேர்ந்த ரொட்டி அது. ஆங்கிலேயர் அதை டீ பிரெட் என்பார்கள். வேல்ஸ் நாட்டில் இதைப் போன்ற ஒன்றுக்கு பாரா பிரித் என்று பெயர். புள்ளி விழுந்த ரொட்டி என்று பொருள்.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பழப் பாண். பாண் என்பது இலங்கைத் தமிழர் ரொட்டிக்குச் சொல்லும் சொல், போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. அந்தச் சொல்லையும் இந்தச் செய்முறையையும் கொண்டுவந்தவர் என் அப்பத்தாவின் தங்கை. சின்ன அப்பத்தா என்றுதான் கூப்பிடுவோம். இந்தக் கரையிலிருந்து கல்யாணமாகி இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அங்கே துரை பங்களாச் சமையலறையில் கைவேலைக்கு இருந்தார். 1964 அக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அப்படித் திரும்பியவர்களில் ஒருவராக, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தார். வரும்போது ஒரு தகரப் பெட்டியும், இரண்டு பாண் தகரங்களும் இருந்தன என்று அப்பா சொல்வார்.

இந்த ரொட்டியை வெளிநாட்டுப் பண்டம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்பாது. அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்களில் எங்கள் பெண்களும் உண்டு. அவர்கள் நடந்துபோன பாதை இந்தக் கரை வழியாகத்தான் போயிற்று.

இப்போது வேலைக்கு வருவோம். இதில் வெண்ணெயும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. அப்புறம் எப்படி மெத்தென்று இருக்கும்? பழம் குடித்து வைத்திருக்கும் தேத்தண்ணீர்தான் காரணம். ஆகவே முதல் நாள் இரவே வேலை தொடங்கிவிடுகிறது. 250 மில்லி கொதிநீரில் 4 தேக்கரண்டி தேயிலை போட்டு, 5 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு வந்துவிடும். பால் ஊற்றவே கூடாது. இரவு முழுவதும் இருந்தால் கெட்டுவிடும். அந்தச் சூட்டிலேயே 150 கிராம் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரைத்து, இன்னொரு முறை வடிகட்டுங்கள். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியாக இருந்தாலும் சரி, அடியில் கொஞ்சம் மணல் தங்கத்தான் செய்யும். அதில் 150 கிராம் உலர்திராட்சை, 100 கிராம் நறுக்கிய பேரீச்சை, 50 கிராம் பாகில் போட்ட நாரத்தைத் தோல் மூன்றையும் சேர்த்து மூடி வையுங்கள். கோடையில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது நல்லது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே விட்டால் விடிவதற்குள் புளிக்க ஆரம்பித்துவிடும்.

காலையில் மூடியைத் திறந்து பாருங்கள். சுருங்கிக் கிடந்த திராட்சை வயிறு புடைத்து, தோல் இழுபட்டுப் பளபளவென்று கிடக்கும். பேரீச்சையின் ஓரம் கரைந்து, தேத்தண்ணீர் தேன்பாகு போலக் கனத்திருக்கும். அந்தச் சாற்றை ஒரு சொட்டும் கொட்டிவிடாதீர்கள்.

நாரத்தைத் தோல் கசக்குமே என்பீர்கள். மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவிட்டு வடித்து, அதன் பிறகு சர்க்கரைப் பாகில் போட்டு எடுத்தால் கசப்பு ஓரமாக நிற்கும். கொஞ்சம் கசப்பு வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். கருப்பட்டியின் இனிப்பை அடக்க வேறு ஆள் இல்லை.

ஆரஞ்சு விஷயம் அப்படியில்லை. சிறுவயதில் விளக்குச் சுடர் அருகே ஆரஞ்சுத் தோலை மடித்துப் பிதுக்கி விளையாடியது நினைவிருக்கிறதா? சடசடவென்று பொறி பறக்கும். தோலின் நிறமுள்ள மேல் பகுதியில் இருக்கும் எண்ணெய்தான் அப்படி எரிகிறது. வாசனை முழுவதும் அந்த எண்ணெயில் இருக்கிறது; அதற்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதியில் கசப்பு மட்டும்தான். முதன்முதலாக நான் தனியாகச் சுட்டபோது தோலை அப்படியே மிக்சியில் போட்டு அரைத்துவிட்டேன். ஒருவராலும் வாயில் வைக்க முடியவில்லை. பழத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, துடைத்து, சின்னத் துருவியில் மெல்ல உரசுங்கள். வெள்ளை தெரிந்ததும் பழத்தைத் திருப்பிவிடுங்கள். ஒரு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை போதும். துருவலை 2 மேசைக்கரண்டி சர்க்கரையோடு விரல் நுனியால் பிசறுங்கள். சர்க்கரை ஈரமாகி, மஞ்சள் பூத்து, அறை முழுவதும் மணக்கும்.

மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். கடல் காற்றில் பேக்கிங் பவுடர் சீக்கிரம் செத்துவிடும். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் எடுத்து வெந்நீரில் போடுங்கள். நுரைத்துப் பொங்கினால் உயிர் இருக்கிறது. பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் 4, கிராம்பு 3, சுக்குத்தூள் கால் தேக்கரண்டி, ஜாதிக்காய் இரண்டு உரசல். கிராம்பைக் கூட்டாதீர்கள், மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

ஊறிய பழத்தைச் சாற்றோடு மாவில் ஊற்றி, அடித்த முட்டை ஒன்று, பிசறிய சர்க்கரை, அரை ஆரஞ்சின் சாறு, வறுத்து உடைத்த முந்திரியும் பாதாமுமாக 75 கிராம் சேருங்கள். அகப்பையால் பத்துப் பன்னிரண்டு தடவை புரட்டினால் போதும். தோசை மாவு கரைப்பது போலக் கரைத்தால் ரொட்டி ரப்பராகிவிடும்.

காகிதம் விரித்த 9 அங்குலப் பாண் தகரத்தில் ஊற்றி, 160 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், ஒரு மணி பத்து நிமிடம் வரை விடுங்கள். நடுவில் தென்னை ஈர்க்கைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக்கூடாது. அடுப்புப் பெட்டி இல்லாதவர்கள் குக்கரில் இரண்டு டம்ளர் உப்பைப் பரப்பி, மேலே ஒரு தாங்கி வைத்து, கேஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி, சிறு தீயில் சுடலாம். நேரம் கொஞ்சம் கூடும். சின்ன அப்பத்தா மணல் பரப்பிய அண்டாவில்தான் சுட்டார், மேலே தணல் போட்டு.

சுட்டவுடன் வெட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முழுதும் ஆறியதும் காகிதத்தில் சுற்றி ஒரு நாள் வைத்துவிடுங்கள். பழத்தின் ஈரம் மெல்லப் பரவி மேலோடு வரை வரும், மசாலா ஒன்றோடொன்று கலக்கும். மறுநாள் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். காற்றுப் புகாத டப்பாவில் மூன்று நான்கு நாள் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதையும் நம்ப வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும்.

சின்ன அப்பத்தா நடுத்துண்டுகளை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, கருப்பட்டி முறுகிக் கறுத்திருக்கும் ஓரத்துண்டைத் தனக்கு எடுத்துவைத்துக்கொள்வார். தியாகம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒருநாள் அதில் பாதியைப் பிய்த்து என் வாயில் வைத்தார். அன்றிலிருந்து ஓரத்துண்டு எனக்கும் அவருக்கும் பாதி பாதி.

வணக்கம்.