ஆஸ்கரில் அதிக ஓட்டு வாங்கிய படமே தோற்கலாம்! எப்படி?

வணக்கம். 2013-லிருந்து 2022 வரை பத்து ஆஸ்கர் விழாக்கள் நடந்தன. அதில் ஆறு முறை சிறந்த இயக்குநர் விருது ஒரு படத்துக்குப் போனது, சிறந்த படம் விருது இன்னொரு படத்துக்குப் போனது. பத்துக்கு ஆறு! இரண்டு பிரிவுக்கும் கடைசிச் சுற்றில் ஓட்டுப் போடுவது அதே ஆட்கள்தான். அப்புறம் ஏன் இப்படி? எண்ணுகிற முறை வேறு. இன்றைக்கு நாம் பார்க்கப்போவது அதைத்தான். இது புரிந்துவிட்டால் "ஆஸ்கரே ஏமாற்று வேலை" என்று யாரோடும் சண்டை போட மாட்டீர்கள்.

(திரையில்: ஆறு ஜோடிப் போஸ்டர்கள், ஒன்றன்பின் ஒன்றாக)

2013-ல் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்காக ஆங் லீ சிறந்த இயக்குநர். நம் புதுச்சேரியில் சில காட்சிகள் எடுத்தார்களே, அதே படம். ஆனால் சிறந்த படம் 'ஆர்கோ'. அதை இயக்கிய பென் அஃப்லெக் இயக்குநர் பிரிவின் பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை! அடுத்த வருஷம் 'கிராவிட்டி'க்காக அல்ஃபோன்சோ குவாரோன் இயக்குநர் விருது வாங்கினார், படம் விருது 'ட்வெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்'. 2016-ல் 'தி ரெவனன்ட்' இயக்குநருக்கு ஒன்று, 'ஸ்பாட்லைட்' படத்துக்கு ஒன்று. 2017-ல் 'லா லா லேண்ட்', 'மூன்லைட்'. மேடையில் தப்பான கவர் கைக்கு வந்து, தப்பான படத்தின் பெயரை வாசித்த அதே விழா. 2019-ல் மறுபடியும் குவாரோன், 'ரோமா'வுக்காக. சிறந்த படம் 'கிரீன் புக்'. 2022-ல் ஜேன் கேம்பியன் சிறந்த இயக்குநர், 'கோடா' சிறந்த படம்.

வரலாற்றைச் சட்டென்று முடித்துவிடுவோம். முதல் விழா 1929 மே 16-ல், ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில், பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. 1940-களின் நடுவிலிருந்து பல பத்தாண்டுகள் சிறந்த படத்துக்கு ஐந்து படங்கள் போட்டி, அதிக ஓட்டு வாங்கியது ஜெயிக்கும். 2009-ல் ஆஸ்கர் கொடுக்கிற அமைப்பான அகாடமி அதைப் பத்துப் படம் ஆக்கியது. அங்கேதான் சிக்கல். பத்துப் படம் ஓடும்போது ஓட்டு சிதறினால், நூற்றுக்குப் பதினொரு பேருக்குப் பிடித்த படம்கூட ஜெயித்துவிடும். மீதி எண்பத்தொன்பது பேர் அதை வெறுத்தாலும்! அதனால் சிறந்த படம் பிரிவுக்கு மட்டும் எண்ணும் முறையை மாற்றினார்கள்.

சரி, இப்போது கவனமாகப் பாருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

ஓட்டாளர் ஒரு படத்துக்கு டிக் அடிப்பதில்லை. பத்துப் படங்களையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துகிறார். எண்ணுகிறவர்கள் முதலில் எல்லாருடைய முதல் இடத்தையும் பார்க்கிறார்கள். பாதிக்கு மேல் யாருக்காவது வந்தால் ஆட்டம் முடிந்தது. வராவிட்டால், கடைசியில் இருக்கிற படத்தை வெளியே அனுப்பிவிட்டு, அதன் சீட்டுகளில் இரண்டாம் இடத்தில் எந்தப் படம் இருக்கிறதோ அதற்கு அந்த ஓட்டை மாற்றுகிறார்கள். யாராவது பாதியைத் தாண்டும் வரை இதேதான்.

(திரையில்: நான்கு கட்டங்கள், அ, ஆ, இ, ஈ)

புரிவதற்காக நூறு ஓட்டு, நான்கு படம் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் அ படத்துக்கு 40, ஆ படத்துக்கு 28, இ படத்துக்கு 20, ஈ படத்துக்கு 12. இங்கேயே நிறுத்தினால் அ ஜெயித்தது. நிறுத்த மாட்டார்கள். ஈ வெளியே போகிறது. அதன் 12 சீட்டில் 9 ஆ பக்கம், 2 அ பக்கம், 1 இ பக்கம் போகின்றன. இப்போது அ 42, ஆ 37, இ 21. அடுத்து இ வெளியே. அந்த 21-ல் 16 ஆ பக்கம், 5 அ பக்கம். முடிவு: ஆ 53, அ 47. பன்னிரண்டு ஓட்டு பின்தங்கியிருந்த படம் கோப்பையைத் தூக்கிவிட்டது! அ படத்துக்கு வெறித்தனமான ரசிகர்கள் 40 பேர் இருந்தார்கள். ஆனால் மற்றவர்களின் சீட்டில் அது கீழேதான் இருந்தது.

இன்னொன்று. "எதிரிப் படத்தைப் பத்தாவது இடத்தில் தள்ளி அதைக் காலி பண்ணிவிட்டார்கள்" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது சொல்வார்கள். அப்படியெல்லாம் நடக்காது. பத்தாவது இடம் போட்டால் அந்தப் படத்துக்கு எந்த மதிப்பெண்ணும் குறையாது. உங்கள் முதல் படம் கடைசி வரை களத்தில் நின்றுவிட்டால், நீங்கள் இரண்டாவதாக என்ன எழுதினீர்கள் என்பதை யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள். தோற்ற படங்களின் ரசிகர்கள்தான் ஆஸ்கரைத் தீர்மானிக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இயக்குநர் பிரிவில் இந்த விளையாட்டு கிடையாது. ஐந்து பேர், அதிக ஓட்டு யாருக்கோ அவருக்கு விருது. அதனால் அங்கே துணிச்சலான, பிரம்மாண்டமான வேலைக்கு வாய்ப்பு அதிகம்; படம் பிரிவில் பலருடைய மனசுக்கும் பிடித்த படத்துக்கு வாய்ப்பு அதிகம். அகாடமி ஓட்டுக் கணக்கை வெளியிடுவதில்லை, ஆகவே நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த ஆறு ஜோடியையும் மறுபடி பாருங்கள். மூன்றே பரிந்துரை பெற்று மூன்றையும் வென்ற 'கோடா' எவ்வளவு பேரின் இரண்டாம், மூன்றாம் இடத்தில் இருந்திருக்கும்! அதற்காக எப்போதும் பிரிந்துதான் போகும் என்றும் இல்லை. 2023, 2024, 2025 மூன்று வருஷமும் இரண்டு விருதும் ஒரே படத்துக்குத்தான் போயின.

ஜோசியம் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: விருது சீசனில் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் சங்க விருதைக் கவனியுங்கள். அவர்களும் இதே முறையில்தான் எண்ணுகிறார்கள். 2014-ல் அத்தனை சுற்று எண்ணியும் அங்கே 'கிராவிட்டி'யும் 'ட்வெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்'வும் சமமாக வந்து, இரண்டுக்கும் விருது கொடுத்தார்கள். ஆனால் 2020-ல் அவர்கள் '1917'-ஐத் தேர்ந்தெடுத்தார்கள், ஆஸ்கர் 'பாரசைட்' பக்கம் போனது. அந்தக் கொரியப் படத்தின் பெயரை அறிவித்தபோது நான் கத்திய கத்தலுக்குத் தெருவே எழுந்திருக்கும்.

என் கருத்து: இந்த முறை நியாயமானது. 'ரோமா' தோற்றது எனக்கு இன்னும் வலிக்கிறது, ஆனாலும் நியாயமானதுதான். எனக்குக் குறை ஒன்றே ஒன்று. விழா முடிந்து இருபது வருஷம் கழித்தாவது சுற்றுவாரியான கணக்கை வெளியிட வேண்டும். எந்தப் படம் எத்தனை ஓட்டில் தப்பியது, யாருடைய இரண்டாம் இடம் யாரைக் காப்பாற்றியது என்பதெல்லாம் சினிமா வரலாறு இல்லையா? அதைப் பூட்டி வைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

2026 விழாவிலிருந்து ஒரு பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்தவர்கள்தான் கடைசிச் சுற்றில் அந்தப் பிரிவுக்கு ஓட்டுப் போடலாம் என்று விதி வந்திருக்கிறது. வந்ததே தாமதம்.

இப்போது உங்கள் முறை. சமீபத்தில் சிறந்த படத்துக்குப் போட்டியிட்ட பத்தில் நீங்கள் பார்த்தவற்றைக் கமெண்டில் வரிசைப்படுத்துங்கள். பார்க்காததை விட்டுவிடலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட மறக்காதீர்கள், அடுத்த வீடியோவில் சுற்றுச் சுற்றாக எண்ணிக் காட்டுகிறேன்.