டொனிக் கொடுக்க முதல் பெரிட்டினைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து சோர்ந்துபோன நாய்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உதட்டை விலக்கினால் முரசு வெளிறிக் கிடக்கும். "பாமசியில இரும்பு டொனிக் வாங்கிக் குடுத்தனாங்கள், டொக்டர்" என்பார்கள். அக்கறையில் செய்வதுதான். ஆனால் அந்த உடம்பில் இரும்பு குறைந்திருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

கொழும்பில் நாய்களுக்கு இரத்தசோகை வர இரண்டு காரணங்கள் எப்போதும் கண்ணெதிரே நிற்கின்றன. கொக்கிப்புழு குடற்சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கும். கடிவாயிலிருந்து கசிவதும் மலத்தோடு போய்விடும், கூடவே இரும்பும் போகும். உண்ணி பரப்பும் பபீசியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி அப்படியல்ல. அது செங்குழியங்களை உடம்புக்குள்ளேயே உடைக்கிறது. அவற்றின் இரும்பில் பெரும்பகுதி ஈரலிலும் மண்ணீரலிலும் திரும்பச் சேர்ந்துவிடும். அந்த நாய்க்கு டொனிக் ஊற்றி என்ன பயன்? மிஞ்சிய இரும்பைக் கழித்துவிட உடம்புக்குச் சரியான வழியும் இல்லை.

இதைப் பிரித்துச் சொல்ல உதவுவது பெரிட்டின், இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். 24 துண்டுகள் கூடிய உள்ளீடற்ற பந்து அது. ஒன்றுக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். இதில் கொஞ்சம் இரத்தத்திலும் கலந்திருக்கும். அதை அளந்தால், என்புமச்சையை ஊசியால் எடுத்துப் பார்க்காமலே சேமிப்பு எவ்வளவு என்று ஊகிக்கலாம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மனிதருக்கான பெரிட்டின் பரிசோதனையில் நாயின் இரத்தத்தைப் போட்டு வரும் எண்ணை நம்ப முடியாது. அதிலுள்ள பிறபொருளெதிரிகள் மனிதப் பெரிட்டினைப் பிடிக்கவே தயாரானவை, நாயினுடையதை ஒழுங்காகப் பிடிக்காது. இரத்தத்தை அனுப்ப முதல், நாய்ப் பெரிட்டினுக்கென்றே செய்த பரிசோதனையா என்று கேளுங்கள்.

அப்புறம், எண்ணை வாசிப்பதிலும் நிதானம் வேண்டும். குறைவாக வந்தால் சேமிப்பு வற்றிவிட்டது என்று எடுக்கலாம். சாதாரணமாக வந்தால் மட்டும் நிம்மதி அடையக்கூடாது. அழற்சியிலும் ஈரல் நோயிலும் சில புற்றுநோய்களிலும் பெரிட்டின் தானாக ஏறும், உள்ளே இரும்பு வற்றியிருந்தாலும் அளவு சரிபோலத் தெரியும். அழற்சியில் இரத்தத்தில் ஓடும் இரும்பு குறைவதால், அதை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன், கூடவே மலத்தில் புழு முட்டையும் கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தத்தில் பபீசியாவும் தேடுகிறேன்.

குட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கொக்கிப்புழு தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும். இரண்டாவது கிழமையிலேயே புழு மருந்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.