வளைந்து வளரும் முடி

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

முடி திருத்தும் தொழிலில் 20 ஆண்டுகளைக் கடந்துவிட்ட நான், அவற்றுள் பெரும்பகுதியைச் சுருள்முடி உடையவர்களின் தலைமுடியைப் பேணுவதிலேயே செலவிட்டிருக்கிறேன். என் நாற்காலியில் வந்து அமர்பவர்களுள் பலர், கொண்டையை அவிழ்ப்பதற்கு முன்பே, "என்னுடையது மிகவும் முரட்டு முடி, உங்களுக்குச் சிரமமாக இருக்கும்" என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லிவிடுகிறார்கள். பரட்டை, குருவிக்கூடு, அடங்காத முடி என்று சிறுவயது முதல் கேட்டுக் கேட்டு, அந்தச் சொற்களையே தம் முடிக்குரிய பெயர்களாக ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். நேர்முடிக்கு ஏற்ற பராமரிப்பைச் சுருள்முடிக்குச் செய்துவிட்டு, அது பலிக்காதபோது பழியை முடியின் மீது போட்டதால் வந்த பெயர்கள் இவை என்பது என் உறுதியான எண்ணம். சுருள்முடியின் வளைவைப் புரிந்துகொண்டால், அதை அலசுவதற்கும் சிக்கெடுப்பதற்கும் உலர்த்துவதற்கும் பின்னுவதற்கும் உரிய வழிகள் அந்த வளைவிலிருந்தே நமக்குக் கிடைத்துவிடும். ஆகவே இன்று அந்த வளைவைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் தோலுக்கு அடியிலுள்ள மயிர்க்கால் என்னும் நுண்ணிய குழியிலிருந்து வளர்கின்றன. நேர்முடியின் மயிர்க்கால் பெரும்பாலும் நேராக இறங்கியிருக்கும்; சுருள்முடியின் மயிர்க்காலோ தோலுக்குள்ளேயே வளைந்திருக்கும். அதிலிருந்து வெளிவரும் முடியின் குறுக்குவெட்டும் வட்டமாக இராமல், சற்றே நசுங்கிய நீள்வட்டமாக இருக்கும். முடியின் மேற்பரப்பில், கூரை வேய்ந்த ஓடுகளைப் போல, நுண்ணிய செதில்கள் நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. முடி நேராக ஓடும் இடத்தில் அந்த ஓடுகள் படிந்து கிடக்கின்றன. திரும்பும் இடத்தில் சற்றே தூக்கிக்கொள்கின்றன. அங்கேதான் ஈரம் வெளியேறுகிறது, அங்கேதான் பக்கத்து முடி மாட்டிக்கொள்கிறது, இழுத்தால் அறுவதும் பெரும்பாலும் அங்கேதான். இதனுடன் இன்னொன்றும் சேர்கிறது: தலைத்தோலில் சுரக்கும் இயற்கையான எண்ணெய் நேர்முடியில் எளிதாக வழிந்து நுனிப்பக்கம் இறங்கிவிடும்; சுருள்முடியில் முதல் சில திருப்பங்களைத் தாண்டுவதற்குள்ளேயே தேங்கிவிடும். வேர்ப்பக்கம் பிசுபிசுக்கும்போதே நுனி வைக்கோலாய்க் காய்ந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே.

இதை அறிந்தவுடனே தலைக்குக் குளிக்கும் முறை மாறிவிட வேண்டும். ஷாம்பு என்பது தலைத்தோலுக்கு உரியது. அதை உள்ளங்கையில் நீருடன் கலந்து, விரல் நுனிகளால் தோலில் மட்டும் தேய்த்தால் போதும். அலசும்போது வழிந்தோடும் நுரையே முடியின் நீளத்தையும் சுத்தப்படுத்திவிடும். முடி முழுவதையும் உச்சந்தலையில் குவித்துத் துணி துவைப்பதுபோல் கசக்கும் பழக்கத்தை, இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இன்றே கைவிட வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிப்பது என்று கேட்டால், முடியைப் பார்க்காமல் தோலைப் பாருங்கள் என்பேன். தோல் அரிக்காமல், பொடுகில்லாமல் இருக்குமானால், இறுக்கமான சுருள்களுக்கு வாரம் ஒருமுறை போதுமானது. தளர்ந்த அலைமுடிக்கு அதைவிட அடிக்கடி தேவைப்படலாம். கண்டிஷனர் இதற்கு நேர்மாறாக நீளத்துக்கும் நுனிக்கும் உரியது. தேய்மானம் கண்ட முடியின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை மிகுந்திருக்கும்; கண்டிஷனரில் உள்ள நேர்மின் மூலக்கூறுகள் அதனால்தான் சேதமடைந்த இடங்களைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்கின்றன. அவை தூக்கிய ஓடுகளின் மேல் மெல்லிய படலமாகப் படிவதால், முடி முடியோடு உரசாமல் வழுக்கிச் செல்கிறது.

சிக்கெடுப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முடி மிகுதியாக அறுவதும், பிள்ளைகள் சீப்பைக் கண்டாலே அழுவதும் இந்த இடத்தில்தான். சில மாதங்களுக்கு முன் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைத் தாய் அழைத்துவந்தார். பிடரிக்கு மேலே, தலையணையில் உரசும் இடத்தில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு சிக்கு இறுகிப்போயிருந்தது. வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று தாய் முடிவு செய்திருந்தார். அந்தச் சிக்கை வெதுவெதுப்பான நீரால் நனைத்துக் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி ஐந்து நிமிடம் விட்டுவைத்தேன். பின்னர் சிக்குக்கு மேலே, வேர்ப்பக்கத்தில், இரண்டு விரல்களால் முடியை இறுகப் பற்றிக்கொண்டேன். இழுக்கும் வேகம் தோலுக்குப் போகாமல் என் விரலோடு நின்றுவிட வேண்டும் என்பதற்காக. மறுகையின் விரல்களால் சிக்கின் அடிப்பக்கத்திலிருந்து நான்கைந்து முடிகளாகப் பிரித்தெடுத்தேன். உதிர்ந்தும் வெளியேறாமல் சுருளுக்குள்ளேயே சுற்றிக்கிடந்த முடிகள் கொத்துக் கொத்தாக வழுக்கி வந்தன. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது எல்லாருக்கும் இயல்பு. நேர்முடியில் அவை தரையில் விழுந்துவிடும், சுருள்முடியில் மற்ற முடிகளைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும். வாரம் ஒருமுறை சிக்கெடுப்பவர் கையில் ஒரு கைப்பிடி முடி வந்தால் பதற வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். அரைமணி நேரத்தில் சிக்கு முழுவதும் பிரிந்தது. அந்தச் சிறுமி பாதியிலேயே என் கையில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

நேர்முடி உடையவர்களுக்கு, ஈரமாக இருக்கும்போது சீவாதீர்கள் என்று சொல்வது சரியான அறிவுரை. ஈரத்தில் முடியின் வலிமை குறைகிறது. சுருள்முடிக்கு அந்த அறிவுரை பொருந்தாது. உலர்ந்த சுருளில் சீப்பை ஓட்டும்போது ஒவ்வொரு திருப்பத்தையும் பிடுங்கி இழுக்க வேண்டியிருக்கிறது; நீரும் கண்டிஷனரும் சேர்ந்த சுருள் தளர்ந்து வழிவிடுகிறது. ஆகவே ஈரத்தில், வழுவழுப்பு இருக்கும்போது, பற்கள் அகன்ற சீப்பால், நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக வேரை நோக்கி ஏறுங்கள். வேரில் தொடங்கிக் கீழே இழுத்தால், பத்துச் சிறு சிக்குகளைச் சேர்த்து ஒரே பெருஞ்சிக்காக்கி விடுவோம்.

முடியின் வடிவத்தை அமைப்பதற்கும் உரிய நேரம் ஈரம்தான். முடியின் புரதமான கெரட்டினை முக்கியமாக இருவகைப் பிணைப்புகள் பிடித்துவைத்திருக்கின்றன. கந்தகப் பிணைப்புகள் உறுதியானவை, நீருக்கு அசையாதவை. ஹைட்ரஜன் பிணைப்புகளோ நீர் பட்டதும் விடுபட்டு, உலரும்போது மீண்டும் சேர்ந்துகொள்கின்றன. முடி எந்த வடிவில் உலர்கிறதோ அந்த வடிவை அடுத்த ஈரம் வரை வைத்திருப்பது இவற்றின் வேலை. சுருள் கலைந்து பஞ்சாகப் பறக்கிறது என்று குறைப்படும் பலரும், முடி பாதி உலர்ந்த நிலையில் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தவர்களாக இருப்பார்கள். நீர் சொட்டும் நிலையிலேயே ஜெல்லையோ க்ரீமையோ பகுதி பகுதியாகத் தடவி, உள்ளங்கையில் சுருளை ஏந்தி மேல்நோக்கி மெல்லப் பிழிந்து, பழைய பருத்திச் சட்டை போன்ற மென்மையான துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, உலரும்வரை கைவைக்காமல் இருங்கள். துவாலையால் பரபரவென்று துவட்டுவது தூக்கிய ஓடுகளின் மீது சொரசொரப்பைத் தேய்ப்பதாகும். உலர்ந்தபின் ஜெல் மொறமொறப்பாக இருந்தால், அதைக் கையால் மெல்லக் கசக்கிவிட்டால் போதும்.

எண்ணெயைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எண்ணெய் ஈரம் தருவதில்லை. இருக்கும் ஈரம் போகாமல் காக்கிறது. காய்ந்த முடியில் எண்ணெயை ஊற்றிவிட்டு மென்மையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் முடியின் உள்ளே ஊடுருவக்கூடியது. எனவே குளிப்பதற்கு முன்னர் அதைத் தடவினால், முடி நீரில் ஊதிப் பருப்பதும் புரதம் கரைந்து போவதும் குறைகின்றன. கனிம எண்ணெய் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். பொடுகு இருப்பவர்கள் தலைத்தோலில் எண்ணெய் தடவுவதைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்னும் பூஞ்சை கொழுப்பை உண்டே வாழ்கிறது.

முடியை நேராக்குவதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சூட்டுக்கருவி ஹைட்ரஜன் பிணைப்புகளையே மாற்றுகிறது என்பதால், மிதமான சூட்டில் எப்போதேனும் பயன்படுத்தினால் சுருள் திரும்பிவிடும். 200 பாகை செல்சியசை நெருங்கும் சூட்டில் அடிக்கடி இழுக்கும்போது கெரட்டினே குலைந்து, அந்தப் பகுதி இனிச் சுருளாது. ஈரமுடியில் சூட்டுக்கருவியை வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முடிக்குள்ளேயே குமிழிகளை உண்டாக்குகிறது. சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுங்காரங்களைக் கொண்ட நேராக்கும் பூச்சுகள் கந்தகப் பிணைப்புகளையே உடைக்கின்றன. அதன்பின் அந்த முடியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்த மருந்தாலும் இயலாது. முடியை மென்மையாக்கும் சிகிச்சைகள் சிலவற்றில் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு வெளிப்படுகிறது. மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கும் வாயு அது. தொழிலைத் தொடங்கிய காலத்தில், சன்னலில்லாத ஒரு நிலையத்தில், கண்ணில் நீர் வழிய வழிய நாளுக்கு மூன்று பேருக்கு அந்தச் சிகிச்சையைச் செய்திருக்கிறேன். என் நுரையீரலுக்கும், என்னை நம்பி அமர்ந்திருந்தவர்களின் நுரையீரலுக்கும் அன்று செய்த அந்தத் தீங்கை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

பின்னல்களும் முறுக்குகளும் சுருள்முடிக்குச் சிறந்த பாதுகாப்பு. நுனிகள் உள்ளே ஒடுங்கிவிடுவதால் உரசலும் சிக்கும் குறைகின்றன. ஆனால் பின்னி முடித்த இரவில் தலை வலித்தாலோ, நெற்றியோரத்தில் சிறு கொப்புளங்கள் தோன்றினாலோ, அந்தப் பின்னலை உடனே தளர்த்த வேண்டும். இழுவையால் வரும் முடியிழப்பு நெற்றியோரத்திலும் காதுக்கு மேலுள்ள பொட்டிலும் தொடங்குகிறது. தொடக்கத்தில் இழுவையை நிறுத்தினால் முடி மீண்டும் வளரும், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகிப்போய் வளராது. அழகாக இருக்க வேண்டுமென்றால் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று குழந்தைகளிடம் சொல்லும் பெரியவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முடியின் வளைவை மனிதர்கள் எவ்வளவு கடுமையாகத் தண்டித்திருக்கிறார்கள் என்பதையும் ஒரு சொல்லாவது சொல்ல வேண்டும். 1786-ஆம் ஆண்டில், வட அமெரிக்காவில் அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூசியானாவின் ஆளுநராக இருந்த எஸ்தபான் மீரோ, அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண்களும் தங்கள் கூந்தலைத் துணியால் மறைத்துக் கட்ட வேண்டுமென்று ஆணையிட்டார். அந்தப் பெண்கள் வண்ணத் துணிகளை அழகழகாகக் கட்டி அந்த ஆணையையே அணிகலனாக்கிக் கொண்டார்கள். 1960-களில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் முடியை வளர்ந்தபடியே விட்டு, தலையைச் சுற்றி உருண்டையாக நிற்கும் ஆஃப்ரோவாக நிமிர்த்தியது உரிமைக் குரலாகவே ஒலித்தது. அதன்பிறகும், பணியிடத்திலும் பள்ளியிலும் முடியின் இயல்பைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்ற சட்டம் கலிபோர்னியா மாநிலத்தில் 2019-இல்தான் வந்தது. கூந்தலை ஐந்து வகையாக முடிக்கலாம் என்பதால் அதற்கு ஐம்பால் என்று பெயரிட்டு, அந்த ஐந்தில் ஒன்றாகச் சுருளையும் எண்ணிய மொழி நம்முடையது என்பதை இந்த இடத்தில் மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்கிறேன்.

நேராக்கிய முடியை விட்டு இயல்பான சுருளுக்குத் திரும்ப விரும்புபவர்களுக்கு இறுதியாகச் சில சொற்கள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. தோள்வரை இயல்பான முடி வேண்டுமென்றால் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். புதிய சுருளும் பழைய நேர்முடியும் சந்திக்கும் இடமே முழு முடியிலும் மிக நலிந்த இடம், ஆகவே அங்கே சீப்பை அழுத்தாதீர்கள். பழைய பகுதியை ஒரே நாளில் வெட்டிவிட மனம் வராதவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டில் எதுவும் தவறில்லை. கடந்த வாரம் என்னிடம் வந்த ஒரு பெண்மணி, 11 மாதம் பொறுத்திருந்து, எஞ்சியிருந்த நேர்முடி முழுவதையும் வெட்டச் சொன்னார். வெட்டி முடித்ததும், முன்நெற்றியில் விரல் மடிப்பளவே தெரிந்த ஒரு சுருளைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்தார்; அது அவர் மூக்கின் நுனிவரை நீண்டது. கையை விட்டார், துள்ளிக்கொண்டு நெற்றிக்கே போய் ஒட்டிக்கொண்டது. அவர் அதை மறுபடியும் இழுத்தார், மறுபடியும் விட்டார்.

நன்றி, வணக்கம்.