பாலத்துக்கு இந்தப் பக்கம் அல்வா, அந்தப் பக்கம் ஆக்ஸ்போர்டு

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பத்திரண்டு வருடம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக வேலை பார்த்தவன் நான். தோளில் பை, பைக்குள் சாம்பிள் மாத்திரை, வாரத்தில் நான்கு நாள் பஸ். தமிழ்நாட்டில் நான் இறங்காத பேருந்து நிலையம் கொஞ்சம்தான் இருக்கும். ஊர்களின் பட்டப்பெயர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டபோது, "பேராசிரியர் யாரையாவது கூப்பிடுங்களேன்" என்றேன். "ஊர் ஊராகச் சுற்றியவர்தான் வேண்டும்" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. இதை வெளியூரில் சொன்னால் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். டாக்டர் முன்னால் உட்கார்ந்து பையைத் திறப்பதற்குள், "திருநெல்வேலியா? அப்போ அல்வா கொடுக்க வந்திருக்கீங்கன்னு சொல்லுங்க" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அந்த ஜோக்கை முதல் தடவை கேட்பது போல நானும் சிரிக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் சிரித்தேன்.

அல்வா கொடுப்பது என்றால் ஏமாற்றுவது. அது எப்படி வந்தது என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். ஆனால் அந்த அல்வாவைச் செய்கிறவர் யாரையும் ஏமாற்ற முடியாது. கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டு, கை கழன்று போகிற அளவுக்குக் கிளற வேண்டும். சாயங்காலம் கடை வாசலில் நின்றபடி, வாழையிலைத் துண்டில் சுடச்சுட வாங்கினால் நெய் விரலிடுக்கில் வழியும். தாமிரபரணித் தண்ணீரில் செய்தால்தான் அந்த ருசி என்று எங்கள் ஊரில் சத்தியம் செய்வார்கள். நானும் செய்வேன்.

இதில் ஒரு வேடிக்கை. ஆற்றைக் கடந்தால் பாளையங்கோட்டை. 1843-இல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் நடுவில் இருக்கிறது. அந்தப் பக்கம் போய்விட்டால் ஊருக்குப் பெயர் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு'. 1923-இல் ஆரம்பித்த தூய சவேரியார் கல்லூரி, அதற்கும் முந்திய மிஷன் பள்ளிகள், காது கேளாத பிள்ளைகளுக்காக 1897-இலேயே தொடங்கிய பள்ளி என்று தெருவுக்குத் தெரு மணி அடிக்கும். ஒரே மாநகராட்சிதான். பாலத்துக்கு இந்தப் பக்கம் அல்வா, அந்தப் பக்கம் ஆக்ஸ்போர்டு. இரண்டில் எந்தப் பெயர் ஜெயித்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆக்ஸ்போர்டு என்று சொல்லி என்னிடம் யாரும் சிரித்ததில்லை.

வெளிநாட்டு ஊரைக் கடன் வாங்கி வைத்த பெயர்களுக்கெல்லாம் இந்தக் கஷ்டம் உண்டு. கோயம்புத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்கு எழுதியிருப்போம். பெயர் சும்மா வரவில்லை. சுற்றிலும் பருத்திக்கு ஏற்ற கரிசல் மண். ஸ்டேன்ஸ் மில் 1888-இல் வந்தது. 1930-களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கியதும் மில்கள் வரிசையாக முளைத்தன. ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் வீட்டில் கடிகாரம் பார்க்க வேண்டாம் என்று பீளமேட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். இப்போது கோவை என்றால் பம்ப்செட், வெட் கிரைண்டர், என்ஜினீயரிங் காலேஜ், ஆஸ்பத்திரி. இங்கிலாந்தில் அந்த மான்செஸ்டரிலும் பழைய பஞ்சாலைகள் போய்விட்டன. என் பேரனிடம் மான்செஸ்டர் என்றால் எந்த டீம் என்று கேட்கிறான். அவனுக்கு அது கால்பந்து.

சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் பக்கம் போனால் கார் தொழிற்சாலைகளைப் பார்த்து ஒத்துக்கொள்வீர்கள். ஆனால் 2013-இல் அசல் டெட்ராய்ட் நகர நிர்வாகம் திவால் மனு கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் நாம் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கடன் வாங்கிய பெயரில் இதுதான் சங்கடம். கொடுத்தவர் நொடித்துப் போனாலும் நாம் திருப்பிக் கொடுப்பதில்லை.

சிவகாசிக்கு மட்டும் இந்தக் கடன் கணக்கு பொருந்தாது. 'குட்டி ஜப்பான்' என்ற பெயரை நேரு வைத்ததாகச் சொல்வார்கள். அதில் ஒரு செல்லம் இருக்கிறது, கவனித்தீர்களா? தென்னிந்தியாவின் ஜப்பான் என்று விறைப்பாகச் சொல்லவில்லை, குட்டி ஜப்பான். அதனால்தான் வாயில் ஒட்டிக்கொண்டது. மழை குறைந்த வறண்ட பூமி. விவசாயத்தை நம்ப முடியாது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அப்புறம் பட்டாசு, அதன் லேபிளுக்காக அச்சகம், அச்சகம் வந்ததும் காலண்டர், டைரி. பயிருக்கு ஆகாத வெயில் பட்டாசு மருந்தைக் காய வைக்க உதவியது. அங்கே டீக்கடையில் நீங்கள் சாய்ந்து நிற்கிற சுவரில்கூட அச்சான சாமி படம் ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும்.

மலைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஊட்டி மலைகளின் அரசி, கொடைக்கானல் இளவரசி, ஏற்காடு ஏழைகளின் ஊட்டி. வடக்கே முசௌரியும் தன்னை மலைகளின் அரசி என்றுதான் சொல்லிக்கொள்கிறது. அரச குடும்பத்து விவகாரம், நாம் தலையிட வேண்டாம். ஏழைகளின் ஊட்டி என்ற பெயர் மட்டும் எனக்குப் பிடிக்கும். பட்ஜெட் போட்டு வைத்த பெயர் அது.

சரி, மதுரைக்கு வருவோம். 'தூங்கா நகரம்' என்பதை நான் உடம்பால் அறிந்தவன். ராத்திரி இரண்டு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினால், மற்ற ஊரில் நாயும் கூர்க்காவும்தான் இருப்பார்கள். மதுரையில் இட்லித் தட்டிலிருந்து ஆவி போய்க்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டையை அவிழ்ப்பார்கள். மொட்டாக இருக்கும்போதே விற்றுவிட வேண்டும், விடிந்தால் விலை இறங்கும். தூங்காமல் இருப்பது அங்கே பிழைப்பு.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. மதுரையில் பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று இரண்டு கடைவீதி இருந்ததைச் சங்க காலத்து மதுரைக்காஞ்சி சொல்கிறது. அதே சமயம் பரிபாடலில் ஒரு மதுரைக்காரரின் பெருமையும் இருக்கிறது. சேரர்களின் வஞ்சியையும் சோழர்களின் உறையூரையும் போல எங்கள் ஊர் கோழி கூவி எழுவதில்லை, மறை ஓதும் குரல் கேட்டு எழும் என்கிறார். உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. அங்கே ஒரு கோழி யானையை எதிர்த்து விரட்டியதாம். அந்தக் கோழியை வைத்துப் பக்கத்து ஊரைக் கிண்டல் செய்வது எவ்வளவு பழைய பழக்கம் பாருங்கள். ஆனால் ஐயா, எழுந்தது என்றால் அதற்கு முன்னால் தூங்கியிருக்க வேண்டுமே! இதைச் சொன்னதற்கு என் மதுரை நண்பர் இரண்டு நாள் பேசவில்லை.

பழம்பாடல் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஔவையார் பாடியதாகச் சொல்லும் தனிப்பாடல். மலைநாடு வேழமுடைத்து, சோழ வளநாடு சோறுடைத்து, தென்னாடு முத்துடைத்து, தொண்டை நன்னாடு சான்றோருடைத்து. விளம்பரக் கம்பெனி இல்லாத காலத்தில் நான்கு நாட்டுக்கும் ஒரே வெண்பாவில் நான்கு வாசகம். முதல் மூன்றுக்கும் யானை, சோறு, முத்து என்று கையில் பிடிக்கிற பொருள் கிடைத்தது. தொண்டை நாட்டுக்கு மட்டும் நல்ல மனிதர்கள். கொடுக்க வேறு ஒன்றும் மிச்சமில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. காஞ்சிபுரத்துக்காரர்கள் மன்னிக்க வேண்டும். 'கல்வியைக் கரையிலாத காஞ்சிமா நகர்' என்று அப்பரே பாடியிருப்பதால் அவர்களுக்கு என் சான்றிதழ் தேவைப்படாது.

சோறுடைத்து என்றது இன்றைக்கும் தஞ்சாவூருக்கு நெற்களஞ்சியமாக நிற்கிறது. முத்துடைத்து என்றதுதான் மாறிப்போனது. தூத்துக்குடி முத்துநகர். சாயங்காலம் அங்கிருந்து சென்னைக்குக் கிளம்பும் ரயிலுக்கும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்றுதான் பெயர். ஆனால் 1961-க்குப் பிறகு அந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. இப்போது ஊருக்குப் படியளப்பது உப்பும் துறைமுகமும் மீனும். ரயிலடியில் மக்ரூன் பொட்டலத்தோடு ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், முத்தோடு ஏறியவரைப் பார்த்ததில்லை. அதற்காக உப்பளம் எக்ஸ்பிரஸ் என்று மாற்றினால் யார் ஏறுவார்கள்?

சேலத்துக்கு மாங்கனி நகரம் என்று பெயர். தோட்டங்கள் அதிகம் கிருஷ்ணகிரிப் பக்கம். பெயரை மட்டும் சேலம் எடுத்துக்கொண்டது. நாமக்கல் முட்டை, ஈரோடு மஞ்சள், திண்டுக்கல் பூட்டு. திண்டுக்கல்லில் பூட்டைப் பிரியாணி ஓரம் தள்ளிவிட்டது என்பது என் கணிப்பு. திருப்பூரை டாலர் சிட்டி என்கிறார்கள். பனியன் தைத்து டாலரில் சம்பாதிக்கிற ஊர். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சம்பளம் என்னவோ ரூபாயில்தான்.

அரசாங்கம் வைக்கிற வாசகங்களும் உண்டு. 'சிங்காரச் சென்னை' 1990-களில் வந்தது. 2021-க்குப் பிறகு 2.0 என்று வாலும் சேர்ந்தது. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஜனங்கள் இந்தப் பெயரை எந்தக் குரலில் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் குரல் வந்ததால்தான் இந்தப் பெயர் பிழைத்தது என்று நினைக்கிறேன். கிண்டலுக்குக்கூடப் பயன்படாத வாசகம் பெயின்ட் உதிர்ந்ததும் போய்விடும்.

கடைசியாக வேலூர். கோட்டை நகரம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஊருக்குள் விரல் மடக்கிச் சொல்கிற பட்டியலே வேறு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இன்னும் இரண்டு உண்டு. ஒன்று போலீஸைப் பற்றியது, இன்னொன்று வேலூர்ப் பெண்களைப் பற்றியது. வானொலியில் வேண்டாம்.

சாமி இல்லாத கோயில் என்றது கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலை. நீண்ட காலம் அங்கே மூலவர் இல்லை, பூசை இல்லை. 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். இப்போது நன்றாகப் பூசை நடக்கிறது, வெள்ளிக்கிழமை கூட்டத்தில் செருப்பு விட இடம் கிடைக்காது.

வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் வேலூரில் ஒரு ஆட்டோவில் போனேன். வெளியூர்க்காரன் என்று தெரிந்ததும் ஓட்டுநர் அந்தப் பட்டியலை ஆரம்பித்தார். சாமி இல்லாத கோயில் என்று வந்ததும், "தம்பி, சாமிதான் 1981-லயே வந்துட்டாரே" என்றேன்.

"ஆமா சார். வாரா வாரம் நானே போய்க் கும்பிடுறேன்" என்றார். "ஆனா அதை விட்டுட்டா கணக்கு ஒண்ணு குறையுதே?"

வணக்கம்.