வெள்ளம் வருமுன் அணை: முன்தோல் நீக்கமும் எச்.ஐ.வி.யும்

தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, வாழ்த்துரை வழங்கிய பேராசிரியர் அம்மா அவர்களே, பணி முடித்த கையோடு வந்திருக்கும் செவிலியர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். இந்தத் தலைப்பை மேடையேற்றிய அமைப்பாளர்களின் துணிவுக்குத் தனியாக ஒரு நன்றி.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். எந்த மேடையிலும் நான் சொல்வதுதான். ஆண்களின் முன்தோலை நீக்கினால் எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து குறைகிறது என்பது பற்றி இன்று மூன்று செய்திகள்: தோலின் எதிர்ப்பாற்றல், அங்கே வாழும் பாக்டீரியா, பெண்களுக்கு இதனால் என்ன.

ஆண்குறியின் முனையை மூடியிருக்கும் முன்தோலின் உட்புறம் மெல்லியது, ஈரமானது. மூடியே கிடப்பதால் அங்கே ஆக்சிஜன் குறைவு. பிரிவோடெல்லா போன்ற, காற்று ஆகாத பாக்டீரியாக்களுக்கு அது வசதி. அவை பெருகினால் அழற்சி வரும். உடனே உடல் தன் காவல் செல்களை அங்கே அனுப்புகிறது. கொடுமை என்னவென்றால், எச்.ஐ.வி. தேடி வருவதே அந்தக் காவலில் இருக்கும் சிடி4 செல்களைத்தான்! முன்தோலை நீக்கிவிட்டால் அந்த பாக்டீரியாக்கள் வெகுவாகக் குறைகின்றன.

இதனால் எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து குறைகிறது என்பதற்குச் சான்று கிடைத்த கதையைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ரகாய். மூன்று இடங்களிலும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் தாமாக முன்வந்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு உடனே சுன்னத், மறுபாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு. இரு சாராருக்கும் ஆலோசனை உண்டு, ஆணுறை உண்டு. நடுவில் கண்காணிப்புக் குழு கணக்கைப் பிரித்துப் பார்த்தது. பார்த்ததும், "ஆய்வை நிறுத்துங்கள், காத்திருப்பவர்களுக்கும் இதை உடனே கொடுங்கள்" என்றது. ஒரு இடத்தில் அல்ல, மூன்றிலுமே! பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் ஆபத்து சுமார் 60 சதவீதம் குறைந்திருந்தது. எச்.ஐ.வி. அதிகம் பரவியிருக்கும் பகுதிகளுக்கு 2007-இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. வெள்ளம் வருமுன் அணை என்றால் இதுதான் ஐயா!

ஆனால் 60 என்பது 100 அல்ல. ஆணுறையை விட்டுவிடலாம் என்று எந்த இளைஞனும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. காயம் முழுதாக ஆறும்வரை உறவும் கூடாது. பெண்களைப் பற்றிய செய்தியை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வரும் பிள்ளையை மேலும் கீழும் பார்த்து, "உனக்கு எதுக்கு இது?" என்று கேட்கிறோமே, அது நிற்க வேண்டும். கேள்வி கேட்காத, முகம் சுளிக்காத, கட்டணம் வாங்காத பரிசோதனை எல்லா இளைஞர்களுக்கும் வேண்டும். பள்ளியிலேயே இந்த உறுப்புகளின் பெயரைக் கூச்சமின்றிச் சொல்லித்தர வேண்டும். இதைத் தீர்மானமாக இந்த அவையிலேயே நிறைவேற்றித் தருமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.