அந்தக் காசைக் கட்டித்தானே வாங்கினோம்

வணக்கம் நேயர்களே. குப்பையைப் பற்றிக் கதைக்க ஓர் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று சிரிக்காதீர்கள், சுவிஸில் இருக்கிற எங்களுக்குக் குப்பை என்றால் காசு. வீட்டுக் குப்பையைக் காசு கொடுத்து வாங்குகிற பையில்தான் போட வேண்டும். 1975 இல் சென்ட் காலன் நகரம் இந்தப் பைக் கட்டணத்தைத் தொடங்கியது, சூரிச்சில் 1993, லொசான் பக்கம் 2013. ஜெனீவாக்காரர் மட்டும் இன்னும் தப்பி நிற்கிறார்கள். ஊருக்கு ஊர் விலை மாறினாலும் 35 லீட்டர் பை ஒன்று பல இடங்களில் இரண்டு பிராங் அளவில் வரும். அது வெறும் பையின் விலை இல்லை, குப்பையைக் கொண்டுபோய் எரிக்கிற செலவும் அதற்குள் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இது நிறைக்கு வைத்த விலை இல்லை, கொள்ளளவுக்கு வைத்த விலை. அதாவது பைக்குள் அடைபடுகிற காற்றுக்கும் நாங்கள் காசு கொடுக்கிறோம். பால் பெட்டியை மடித்துப் போடுங்கள், சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிப் போடுங்கள். தேங்காய்ப்பால் ரின்னைக் கழுவி நசுக்கி, போத்தல் போடுகிற இடத்தில் உள்ள தகரப் பெட்டியில் போட்டால் அதற்குச் செலவே இல்லை (ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்).

எங்கள் சமையலில் மிஞ்சுவது என்ன? வெங்காயத் தோல், வாழைக்காய்த் தோல், கீரைத் தண்டு, தேயிலைச் சக்கை. பையை நாறவைப்பதும் இவைதான், நிரம்ப முன்னரே கட்டி வெளியே வைக்க வைப்பதும் இவைதான். உங்கள் கட்டடத்தில் பச்சைக் குப்பைத் தொட்டி இருந்தால் அதற்குள் போடுங்கள், அதிலிருந்து எரிவாயுவும் உரமும் எடுக்கிறார்கள். சமைத்த சாப்பாடு, எலும்பு போடலாமா என்பது ஊருக்கு ஊர் வேறு, நகரசபை அனுப்புகிற குப்பைக் கலண்டரைப் பாருங்கள்.

சரி, நான் எங்கே போனாலும் சொல்கிற கதைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஓர் அண்ணை, பழுதான ரைஸ் குக்கரை 60 லீட்டர் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றார், மூடி ஒரு பக்கம், வயர் ஒரு பக்கம். “அண்ணை, இதைக் கடையில் கொடுக்கலாம்” என்றேன். “பில் துண்டு இல்லையடா, வாங்கின கடையும் பூட்டியாச்சு” என்றார். துண்டு தேவையில்லை, அதே கடையும் தேவையில்லை, புதிதாக ஒன்றும் வாங்கவும் தேவையில்லை. அந்த வகைச் சாமான் விற்கிற கடை எதுவானாலும் பழையதை இலவசமாக எடுத்தாக வேண்டும், சட்டம் அப்படி. ஏனென்றால் வாங்கும்போதே மீள்சுழற்சிக் கட்டணம் விலையோடு சேர்ந்துவிட்டது. அண்ணை நம்பவில்லை, கூட்டிக்கொண்டு போனேன். கடைப் பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கி உள்ளே வைத்தது. அண்ணைக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்! “அப்ப இவ்வளவு காலமும் இரண்டு தரம் கட்டினேனா?” அடுத்த கிழமை நிலவறையைத் துப்புரவாக்கி மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, பழைய ரேடியோ எல்லாவற்றையும் காரில் ஏற்றிவிட்டார். ரேடியோவைக் கொடுக்கவேண்டாம் என்று நான்தான் தடுத்தேன், இந்த நிகழ்ச்சியைக் கேட்க ஆள் வேண்டுமே.

திரும்பவும் சொல்கிறேன், மின்சாமானுக்கும் பற்றரிக்கும் கட்ட வேண்டியதைக் கட்டித்தான் வாங்குகிறீர்கள். பெற் (PET) என்கிற குடிபானப் பிளாஸ்டிக் போத்தலையும் ஷாம்பூப் போத்தலையும்கூட மிக்ரோ, கோப் சூப்பர்மார்க்கெட் வாசலில் உள்ள ஓட்டைக்குள் போடலாம், சாமான் வாங்கப் போகிற அதே நடையில்.

தயாரிப்பாளர் தம்பி மணிக்கூட்டைக் காட்டுகிறார். பழைய உடுப்பு, கோப்பிக் கப்சூல் எல்லாம் எழுதி வைத்திருந்தேன், நேரமில்லை. பிறந்தநாள் விழா வைக்கிறவர்கள் மட்டும் கேளுங்கள்: மண்டபம் பதியும்போதே பீங்கான் தட்டும் சேர்த்துத் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள், பேப்பர்த் தட்டு நிரப்புகிற பைகளின் காசு பிறகு உங்களிடம்தான் வரும். வணக்கம்.