பெட்டியை மறுகா வாங்குங்க, முதல்ல மூலையைப் பாருங்க | சின்ன வீட்டுக்குச் சின்ன சப்வூஃபர்

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில இருந்து கதைக்கிறன். போன வீடியோவில ஃபேன் சத்தம் காதைக் குத்துது எண்டு ஆக்கள் சொன்னதால இண்டைக்கு ஃபேனை நிப்பாட்டிப்போட்டு இருக்கன். வேர்த்து ஊத்துது. இடைக்கிட முகத்தைத் துடைப்பன், ஒண்டும் நினைக்காதீங்க.

விஷயத்துக்கு வாறன். ரெண்டு சின்ன ஸ்பீக்கர் இருக்கு, பாட்டுக் கேக்கிற, பொழுதுபட்டா படம் பார்க்கிற, பேஸ், அதான் அடித்தொனி, காணாது, இடத்தை அடைக்காம அந்தப் பேஸுக்கு மட்டும் சின்னதா ஒரு பெட்டி, சப்வூஃபர், வேணும், எத வாங்கலாம்? இதைத்தான் கன பேர் கேட்டீங்க. இத வாங்குங்க எண்டு ஒரு பேரை நான் சொல்லப் போறதில்ல. சொன்னா காசு வாங்கிட்டுச் சொல்றான் எண்டுவீங்க. அதை விடுங்க, உண்மையான காரணம் வேற. உங்கட வீட்டு ஹோலைப் பார்க்காம பெட்டியைச் சொல்றது, காலைப் பார்க்காம செருப்பு வாங்கிக் குடுக்கிற மாதிரி.

நான் முதல் வாங்கின சப்வூஃபர் 12 இஞ்சி, பெட்டியின்ட அளவில்ல, உள்ளுக்க சத்தம் போடுற வட்டத்தின்ட, ட்ரைவரின்ட, அளவு. பழசுதான், ஆனா தனிய ஒரு ஆள் தூக்க ஏலாத பெட்டி. டிவிக்குப் பக்கத்தில வெச்சு, நடு ஹோலில கதிரையைப் போட்டு, ராசா மாதிரி இருந்து பாட்டைப் போட்டன். பேஸைக் காணல்ல. கூட்டினன். இன்னும் கூட்டினன். அங்கால சுவரோட சாய்மனைக் கதிரையில கிடந்த அம்மம்மா, "டேய் மன, நெஞ்சுக்குள்ள உலக்கை போடுற மாதிரிக் கிடக்கு, நிப்பாட்டுடா" எண்டு கத்திறா. எனக்கு ஒண்டும் இல்ல, அவவுக்கு உலக்கை. வயசு போன ஆள், சும்மா சொல்றா எண்டு நினைச்சன். எழும்பிப் போய் அவவின்ட கதிரையடியில குந்தினன். உண்மைதான் மக்கள், அவடத்தில வயித்தைக் கலக்குது!

ஏன் எண்டா, எங்கட ஹோல் 14 அடி நீளம், 12 அடி அகலம். சத்தம் ஒரு செக்கனுக்கு 340 மீட்டருக்குக் கொஞ்சம் கூடப் போகும். 40 ஹேர்ட்ஸ் எண்டா செக்கனுக்கு 40 தரம் அதிருற சத்தம், அதின்ட ஒரு முழு அலை எட்டரை மீட்டர். அதில பாதி எவ்வளவு? 14 அடி. அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி அந்தப் பாதி அலை எங்கட ஹோலுக்குள்ள வந்து குந்திக்கொள்ளும். ரெண்டு பக்கச் சுவரடியிலயும் சத்தம் குவியும், நட்ட நடுவில வெறுமை. நான் ராசா மாதிரி இருந்தது அந்த வெறுமைக்குள்ள. பேஸ் கிட்டாரில ஆகத் தடிச்ச கம்பியைச் சும்மா தட்டினா வாறது 41 ஹேர்ட்ஸ், விளங்குதா? பாட்டின்ட அத்திவாரமே அம்மம்மாவுக்குப் போயிட்டு.

அதால முதல் வேலை, கதிரையை நடுவில இருந்து எடுங்க. ரெண்டு அடி பின்னால தள்ளினாலே வித்தியாசம் கேக்கும். இதுக்கு ஒரு சதமும் செலவில்ல.

ரெண்டாவது வேலை கொஞ்சம் வெக்கம் கெட்ட வேலை. கூட்டாளிட்ட ஒரு சப் இரவல் வாங்குங்க, என்ன சைஸ் எண்டாலும் பரவாயில்ல. அதைத் தூக்கி நீங்க இருக்கிற கதிரைக்கு மேல வைங்க. பேஸ் நல்லா ஓடுற பாட்டொண்டைத் திரும்பத் திரும்பப் போடுங்க. மறுகா நீங்க கீழ இறங்கி, முழங்காலில, சுவர் ஓரமா ஹோலைச் சுத்தித் தவழுங்க. காது நிலத்துக்குக் கிட்ட இருக்கணும். சில இடத்தில ஒரே கும் எண்டு இருக்கும், ஒரு சுரமும் பிரிஞ்சு கேக்காது. சில இடத்தில ஒண்டுமே இராது. ஒரு இடத்தில எல்லாச் சுரமும் ஒரே அளவா, தெளிவாக் கேக்கும். அவடத்தில ஒரு கொட்டானை அடையாளத்துக்கு வைங்க. சப் போற இடம் அதுதான். கதிரையில இருந்து சுவரடிக்குச் சத்தம் எப்பிடிப் போகுதோ, சுவரடியில இருந்து கதிரைக்கும் அப்பிடித்தான் வரும், அதான் கணக்கு. நான் தவழக்க அம்மா குசினியால எட்டிப் பார்த்து, "என்னடா துலைச்சிட்டாய்?" எண்டு கேட்டா. பேஸ் எண்டு சொன்னன். ஒண்டும் பேசாம உள்ளுக்க போயிட்டா.

இப்ப பாருங்க, எனக்கு வந்த இடம் எது தெரியுமா? சோகேசுக்கும் சாமித்தட்டுக்கும் இடையில ஒண்டேகால் அடி. ஒண்டேகால் அடிதான்! அந்த 12 இஞ்சிப் பெட்டி அதுக்குள்ள போகவே மாட்டாது. அப்பதான் எனக்குச் சின்னச் சப் தேவைப்பட்டிச்சு. வடிவா இருக்கும் எண்டு இல்ல, நல்ல இடம் சின்ன இடமாப் போயிட்டு, அதான்.

சரி, சின்னப் பெட்டி. சின்னதுக்கு ஒரு விலை இருக்கு, காசைச் சொல்லல்ல. ஹொஃப்மன் எண்டு ஒரு ஆள் இருந்தவர், கேஎல்எச் எண்ட பழைய அமெரிக்கன் ஸ்பீக்கர் கம்பனியின்ட பேரில கடைசி எழுத்து அவர்தான். அவர் சொன்ன ஒரு விதியை ஸ்பீக்கர் செய்யிற ஆக்கள் இரும்பு விதி எண்டு சொல்லுவாங்க. பெட்டி சின்னதா இருக்கணும், ஆழமான பேஸ் வரணும், குறைஞ்ச கரண்டில நிறையச் சத்தம் வரணும், இந்த மூண்டில ரெண்டைத்தான் எடுக்கலாம். மூண்டாவதை விட்டுக் குடுக்கணும். சின்னச் சப் செய்யிறவங்க விட்டுக் குடுக்கிறது கரண்டை. கேஇஎஃப் கம்பனி 2021 இல கேசி62 எண்டு ஒண்டு விட்டாங்க, ஒரு அடி உயரம்கூட இல்லாத ஒரு சின்னக் கன சதுரம், உள்ளுக்க ஆறரை இஞ்சி ட்ரைவர் ரெண்டு முதுகோட முதுகு, அதுகளை ஓட்டுற அம்ப் 1000 வாட்ஸ். ஏன் ரெண்டு? ஒண்டு இங்கால உதைக்கக்க மற்றது அங்கால உதைக்கும், பெட்டி துள்ளாது. வடிவான வேலை. விலையைக் கேட்டாத்தான் நாம துள்ளுவம், அதை விடுங்க.

எங்கட கைக்கு எட்டுற விலையில வாற எட்டு இஞ்சிக்கு அந்த அம்ப் இல்ல. அப்ப அது எதை விட்டுக் குடுக்கும்? ஆழத்தை. இதில ஏமாறாதீங்க. ட்ரைவரில முன்னுக்கும் பின்னுக்கும் ஆடுற கூம்புதான் கோன், 80 ஹேர்ட்ஸில ஒரு அளவு சத்தம் போடுற கோன், அதே சத்தத்தை 40 இல போட நாலு மடங்கு காத்தைத் தள்ளணும். 20 இல போட பதினாறு மடங்கு. எட்டு இஞ்சிப் பெட்டியில 20 ஹேர்ட்ஸ் எண்டு அடிச்சிருந்தா, அந்த இடத்தில எவ்வளவு சத்தம் வரும் எண்டு கேளுங்க. கொசு இருமின மாதிரி வரும். பாட்டுக்கு 35, 40 வரைக்கும் ஒழுங்கா இறங்கினாக் காணும். படத்தில வெடிக்கிற காட்சிக்குத்தான் அதுக்குக் கீழ தேவை. எனக்கு வெடிச் சத்தம் ஹோலுக்குள்ள தேவையில்ல. எங்கட வயசு ஆக்களுக்கு நான் ஏன் சொல்றன் எண்டு விளங்கும்.

அடுத்தது, ஓட்டை இருக்கிற பெட்டியா, மூடின பெட்டியா. ஓட்டைப் பெட்டி குறைஞ்ச அம்பில கூடச் சத்தம் தரும், ஆனா அதின்ட எல்லைக்குக் கீழ போனா மளமளவெண்டு விழும், ஒரு ஒக்டேவுக்கு, அதாவது ஹேர்ட்ஸ் பாதியாகிற ஒவ்வொருக்காவும், சத்தத்தின்ட அளவு 24 டெசிபெல் குறையும். மூடினது 12 தான், மெல்ல இறங்கும், இறுக்கமாக் கேக்கும். புத்தகக் கணக்கு இது. என்ட கணக்கு வேற. அந்த 12 இஞ்சிக்கு முன்னுக்கு ஒரு ஓட்டை, என்ட கை போற அளவு. ஒரு நாள் டிரம் அடிக்கக்க சர் சர் எண்டு ஒரு சத்தம். கோன் கிழிஞ்சிட்டு எண்டு நினைச்சு ட்ரைவரைக் கழட்டினன். உள்ளுக்க பஞ்சுக்கு மேல பல்லி முட்டை நாலு, ரெண்டு வெடிச்ச கோது. அம்ப் சூட்டுக்குப் பக்கத்தில, மெத்தையில, ஆசுபத்திரி வார்ட் மாதிரி வெச்சிருக்கு. கடல் பக்கத்து வீட்டில பல்லி, எறும்பு, கரப்பான் மூண்டுக்கும் ஓட்டைப் பெட்டி வாடகை வீடு. ஓட்டை எண்டா வாய்க்குக் கறுப்பு நெட் ஒண்டு கட்டுங்க. நான் மூடினதுக்கு மாறிட்டன்.

பழசு வாங்கிற ஆக்களுக்குக் கொஞ்சம் நிண்டு சொல்லணும். எங்கட பக்கம் யப்பானில இருந்து வந்த பாவிச்ச செட்டுகள் மலிவா வரும், சாமானும் நல்லம். ஆனா யப்பான் கரண்ட் 100 வோல்ட். எங்கட சுவரில வாறது 230. அதைக் குறைக்கிற ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாம குத்தினா முடிஞ்சிது. என்ட மச்சான் குத்தினான். நான் கடைக்குப் போயிருந்தன், அவன் ஆசைக்குப் பிளக்கை மாத்திச் சுவரில குத்திப் பார்த்திருக்கான். நான் வரக்க ஹோல் முழுக்க பொசுங்கின மணம், அவன் ஜன்னல் எல்லாத்தையும் திறந்து வெச்சு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு நிக்கிறான். ஊதுபத்தி! அம்ப் போர்ட் சாம்பல். அதால பின்பக்கத் தகட்டில என்ன வோல்ட் எண்டு நீங்களே கண்ணால பாருங்க, விக்கிறவன் சொல்றதைக் கேளாதீங்க. அதே தகட்டில எத்தின வாட்ஸ் கரண்ட் இழுக்கும் எண்டும் இருக்கும். அட்டைப் பெட்டியில பிஎம்பிஓ எண்ட விளம்பரக் கணக்கில 3000 வாட்ஸ், தகட்டில 60 வாட்ஸ் எண்டு இருந்தா, எது பொய் எண்டு நான் சொல்லத் தேவையில்ல. ஆர்எம்எஸ், அதான் தொடர்ந்து குடுக்கிற வாட்ஸ், எவ்வளவு எண்டு மட்டும் பாருங்க.

மறுகா கோனைச் சுத்தி இருக்கிற வளையத்தை விரலால தொடுங்க. ரப்பர் எண்டா நல்லம். ஸ்பஞ்ச் எண்டா, எங்கட வெக்கைக்கும் ஈரத்துக்கும் வருசம் போகப் போக உக்கி, தொட்ட விரலில கறுப்பு மா மாதிரி ஒட்டும். ஒட்டினா அந்த விலையில பாதிக்குக் கேளுங்க, இல்லாட்டி விட்டிட்டு வாங்க. அடியில குனிஞ்சும் பாருங்க. மாரி வெள்ளத்தில ஒருக்கா நனைஞ்ச பெட்டி எண்டா அடிப்பலகை பாண் மாதிரி ஊதி இருக்கும், பெயின்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க. கோன் நிலத்தைப் பார்த்த மாதிரி வாற பெட்டியை வெள்ளம் ஏறுற வளவில வாங்காதீங்க. நான் சும்மா சொல்லல்ல, எங்கட வீட்டுக்குள்ள கணுக்கால் தண்ணி வந்திருக்கு. என்ட பெட்டி இப்ப சீமெந்துக் கல்லு ரெண்டுக்கு மேல, இடையில பழைய டியூப் ரப்பர்.

அந்த ரப்பர் எதுக்கு? நிலாக் காலத்தில மட்டக்களப்பு வாவியில தோணியை நிப்பாட்டி, துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற நுனியைக் காதில வெச்சு மீன் பாட்டுக் கேக்கிறது தெரியும்தானே. காத்தில கேக்காத சத்தம் மரத்துக்குள்ளால வந்திடும். சப் நிலத்தில நேரா இருந்தா இதேதான், நிலத்துக்குள்ளால போய் சோகேசுக்க இருக்கிற கோப்பை எல்லாம் கலகலக்கும். ரப்பர் போட்டதில எங்கட சோகேஸ் அடங்கிட்டு. பக்கத்து வீட்டுக்குப் போறது குறையும் எண்டு நினைக்காதீங்க, அது ஜன்னலால போகுது.

பூட்டுற வேலை சின்னது. ஒரு வயர், அம்பில சப் அவுட் எண்ட ஓட்டையில இருந்து இங்க. அம்பில அந்த ஓட்டை இல்லாட்டி, ஸ்பீக்கர் வயரே நேராப் பூட்டுற மாதிரிச் சப் வாங்குங்க, மறந்திடாதீங்க. எத்தின ஹேர்ட்ஸுக்குக் கீழ சப் பாடணும் எண்டு பிரிக்கிற குறோஸ் ஓவர் குமிழை 80 இல விடுங்க. அதுக்குக் கீழ எங்க இருந்து சத்தம் வருது எண்டு காதுக்குப் பிடிபடாது, அதாலதான் சப்பை மூலையில ஒளிக்கலாம். 150 வரைக்கும் ஏத்தினா ஆம்பிளைக் குரலெல்லாம் சாமித்தட்டுப் பக்கத்தில இருந்து வரும், அம்மம்மா கும்பிடத் தொடங்கிடுவா. கோன் தள்ளுறதையும் இழுக்கிறதையும் மாத்திப் போடுற ஃபேஸ் சுவிட்சை ரெண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, கதிரையில இருக்கக்க பேஸ் எதில கூடவோ அதில விடுங்க. வொல்யூமைப் பூச்சியத்தில இருந்து ஏத்தி, சப் ஓடுது எண்டு தெரிஞ்ச உடன ஒரு துளி குறைங்க.

ராவில மெல்லக் கேக்கிற ஆக்களுக்குத்தான் சப் கூட உதவும், இது கன பேருக்குத் தெரியாது. சத்தம் குறையக் குறைய எங்கட காதுக்கு முதல் மறையிறது பேஸ். ஃபிளெச்சர், மன்சன் எண்ட ரெண்டு அமெரிக்கன் ஆராய்ச்சிக்காரர் 1933 இலேயே அளந்து போட்டாங்க. பிள்ளையள் படுத்த பிறகு மெல்லமாப் பாட்டுப் போட்டு, அதில அடி கேக்குதெண்டா, அந்தச் சப்புக்கு நான் காசு குடுப்பன்.

இப்ப போட்டுக் காட்டப் போறன். சித்தப்பா வடமோடிக் கூத்துக்கு அடிச்ச மத்தளம், நான் கூத்துக் களரிக்குப் பக்கத்தில ரெக்கோடர் வெச்சு எடுத்தது. சின்ன ஸ்பீக்கரில மட்டும் கேட்டா தோலில விரல் படுற சத்தம் மட்டும் வரும், தகரத்தில தட்டுற மாதிரி. மறுகா சப்பைப் போடுறன், அப்ப அந்தப் பெரிய வாய் திறக்கும், மரக்குடத்துக்குள்ள காத்து நிக்கிறது தெரியும். போன் ஸ்பீக்கரில கேட்டிட்டு ரெண்டும் ஒண்டுதான் எண்டு சொல்லாதீங்க, அதில 40 ஹேர்ட்ஸ் வரவே வராது. இயர்ஃபோனை மாட்டுங்க. மாட்டிட்டீங்களா? அம்மம்மா, ஒரு நிமிசம் வெளியால வாங்க, உங்கட கதிரையில நான் மைக் வைக்கணும்.